கார்பைடு டைக்கு லூப் (மசகு) வேண்டுமா, வேண்டாமா?

புதுப்பிரஸ்: சுட்ட 9 எம்எம் துப்பாக்கித் தோட்டாக் கூடுகளை ரீலோடு செய்ய (மறுபடி நிரப்ப) கார்பைடு சைஸிங் டை, அதாவது விரிந்த கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு, வாங்கினேன். லூப் தேவையில்லை என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஆனால் பிரஸ் கைப்பிடியை இழுத்து இழுத்து, நூறு கூடு தாண்டுவதற்குள் தோள் கழன்றுவிடும்போல இருக்கிறது. நீங்களெல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

பித்தளைப்பித்தன்: பெட்டியில் இருப்பது சரிதான். அதற்குத்தானே கார்பைடுக்குக் கூடுதல் காசு கொடுக்கிறோம்? எஃகு டையில் லூப் போடாவிட்டால் கூடு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். டங்ஸ்டன் கார்பைடு வளையம் அவ்வளவு கடினம், அவ்வளவு வழவழப்பு. பித்தளை அதில் ஒட்டாது. டம்ளரில் (கூடுகளை உருட்டிச் சுத்தம் செய்யும் இயந்திரம்) போட்டுச் சுத்தமாக எடுங்கள், போதும்.

சரிவுச்சுவர்: அண்ணா, .38 ஸ்பெஷல், .45 ஏசிபி என்றால் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், இரண்டும் நேர்ச்சுவர். 9 எம்எம் கூடு அடியில் 0.391 அங்குலம், வாயில் 0.380. சரிவான சுவரை வளையத்துக்குள் தள்ளக் கூடுதல் பலம் வேண்டும். தம்பியின் தோளைத்தான் கேளுங்களேன். நான் லானோலினை (ஆட்டுக் கம்பளிக் கொழுப்பு) ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, பைக்குள் இருக்கும் கூடுகள்மேல் லேசாகத் தெளித்துக் குலுக்குவேன். ஆல்கஹால் ஆவியான பிறகுதான் பிரஸ். எல்லாக் கூட்டிலும் பட வேண்டும் என்பதுகூட இல்லை. ஒன்றிரண்டில் பட்டாலே வளையத்தில் ஏறி அடுத்தடுத்த கூடுகளுக்கும் உதவும்.

பித்தளைப்பித்தன்: அப்புறம் அந்தப் பிசுக்கை யார் துடைப்பது? உள்ளே இறங்கினால் பவுடர் கெடும், அதைப் பற்றவைக்கும் பிரைமர் கெடும். வெளியே எண்ணெயோடு சேம்பருக்குள் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) போனால் கூடு சுவரைப் பிடிக்காது; பின்னுதை முழுக்க ஸ்லைடுமேல்தான் விழும்.

சரிவுச்சுவர்: சைஸ் செய்த கையோடு, பிரைமர் போடும் முன்பே மறுபடி டம்ளரில் போட்டுவிடுவேன். ஆமாம், ஒரு வேலை கூடுதல்தான். தோள் என்னுடையது.

நாற்பதுகாரன்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பழைய கிளாக் கைத்துப்பாக்கியில் சுட்ட .40 எஸ்&டபிள்யூ கூடுகளுக்கு அடியில் வீக்கம் இருக்கும். அதற்கு லூப் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டர் தடுப்பதால் டை அடிவரை எட்டாது. கூட்டை முழுசாக உள்ளே தள்ளி மறுபக்கம் எடுக்கும் டை தனியாக உண்டு.

புதுப்பிரஸ்: அதை 9 எம்எம்முக்கும் வாங்கலாமா?

நாற்பதுகாரன்: வேண்டாம். சரிவான கூடு, வாய்க்கு ஏற்ற ஓட்டைக்குள் அடி எப்படி நுழையும்? வீங்கி மடிப்பு விழுந்திருந்தால் பழைய பித்தளையோடு எடைக்குப் போடுங்கள்.

பித்தளைப்பித்தன்: இதில் மட்டும் மூவரும் ஒரே கட்சி. தம்பி, லூப் போடுங்கள், போடாமல் விடுங்கள். சைஸ் செய்த கூட்டைக் துப்பாக்கியிலிருந்து கழற்றிய பேரலில் (குழலில்) போட்டுப் பாருங்கள். 'டங்'கென்று விழ வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் தானே வெளியே வர வேண்டும்.