அப்பாவின் சர்க்கரைக் கணக்கில் தேதிகள் மாறிவிட்டன, உதவுங்கள்

வணக்கம். அப்பாவின் சர்க்கரை அளவை ஒன்றரை வருடமாக நோட்டில் எழுதி வருகிறோம். டெக்சாஸில் இருக்கும் அக்கா அதையெல்லாம் தன் கம்ப்யூட்டரில், எக்செல் ஷீட்டில் ஏற்றித் தந்தாள். நாங்கள் தேதியில் நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் எழுதுவோம். அங்கே மாதம்தான் முதலில். அதனால் நோட்டில் 05/03/2024 என்று இருந்த மார்ச் 5, ஷீட்டில் மே 3 ஆகிவிட்டது.

13-ஆம் தேதி முதல் உள்ளவற்றை அது தேதியாகவே ஏற்கவில்லை. வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் நிற்கின்றன, அதனால் கண்ணில் படுகின்றன. 12 வரை உள்ளவைதான் சத்தமில்லாமல் மாறிப்போயிருக்கின்றன. இன்சுலின் அளவைக் கூட்டிய பிறகு சர்க்கரை இறங்கியதா என்று டாக்டர் கேட்டால், இந்த ஷீட்டை வைத்துப் பதில் சொல்லப் பயமாக இருக்கிறது.

கம்ப்யூட்டரில் நாட்டை இந்தியா என்று மாற்றிப் பார்த்தோம். தேதியைக் காட்டும் விதம்தான் மாறியது, உள்ளே பதிந்தது அப்படியே இருக்கிறது. இனிமேல் 2024-03-05 என்று வருடத்தை முதலில் எழுதப்போகிறோம். சரி, பழையதை என்ன செய்வது? மாறியவற்றில் மட்டும் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி, எழுத்தாக நிற்பவற்றையும் தேதியாக்க ஃபார்முலா உண்டா? வரிகள் நோட்டில் உள்ள வரிசையிலேயே இருக்கின்றன. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும். தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.