மீட்டர் போர்டை வீட்டிலேயே புதுப்பிப்பது: எல்.இ.டி. பல்பு, புதிய டயல், மங்கிய முகப்பு

கேள்வி

என்னுடைய பழைய காரின் மீட்டர் போர்டைக் கழற்றி வீட்டிலேயே புதுப்பிக்க எண்ணியிருக்கிறேன். கேபிள் வழியாக இயங்கும் பழைய வகை ஸ்பீடோமீட்டர் அது. முகப்பிலுள்ள பிளாஸ்டிக் கீறல் விழுந்து மங்கிவிட்டது. பின்னொளி பல்புகளில் பாதி எரிவதில்லை. டயல் எண்கள் வெயிலில் வெளுத்துவிட்டன. வேக முள் ஒழுங்காக நகர்கிறது, ஆனால் கிலோமீட்டர் எண்கள் நின்றுபோய்விட்டன. இவற்றைச் சரிசெய்யும்போதே எல்லா பல்புகளையும் நீல எல்.இ.டி.யாக மாற்றி, வெள்ளை நிறத்தில் புதிய டயல் அச்சிட்டுப் பொருத்திவிடலாம் என்று பார்க்கிறேன். சாலிடரிங் ஓரளவு பழக்கம் உண்டு. எதை முதலில் செய்வது, எதில் கை வைக்காமல் இருப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 1

பழுதை முதலில் பாருங்கள், அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் பிடுங்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கைக் கழற்றினால்தான் போர்டு வெளியே வரும் என்றால், அந்தப் பகுதியை மட்டும் பணிமனையில் விட்டுவிடுவது நல்லது.

முள் நகர்ந்து எண்கள் மட்டும் நிற்கின்றன என்றால் உங்கள் கேபிள் நன்றாகவே இருக்கிறது. கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது; அந்தக் காந்தம், தன்னைத் தொடாமல் இருக்கும் அலுமினியக் கிண்ணத்தைச் சுழல் மின்னோட்டத்தால் இழுக்கிறது; மெல்லிய சுருள்வில் ஒன்று அந்த இழுப்பை எதிர்க்க, இரண்டும் சமப்படும் இடத்தில் முள் நிற்கிறது. எண் உருளைகளோ அதே தண்டிலிருந்து பற்சக்கரங்கள் வழியாகத் தனியே ஓடுகின்றன. ஆகவே ஏதோ ஒரு சிறிய பிளாஸ்டிக் சக்கரத்தில் பல் உடைந்திருக்கும், அல்லது சக்கரம் அச்சில் வழுக்கிக்கொண்டிருக்கும். சக்கரத்தை மாற்றும்போது காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஒரு துளி எண்ணெய்கூடப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் இறங்கினால் வேகம் தவறாகத் தெரியும். எண் உருளைகளைக் கையால் நகர்த்தவும் வேண்டாம், ஏனெனில் ஓடிய தூரத்தை மாற்றுவது பல நாடுகளில் குற்றம்.

டயலை மாற்ற வேண்டுமென்றால் முள்ளை எடுத்தாக வேண்டும். இந்த வேலையில் மிக நுணுக்கமான இடம் இதுதான். பூஜ்ஜியத்தில் முள் ஒரு சிறு ஊசியில் முட்டி நிற்பதைப் பார்ப்பீர்கள். அது முள்ளின் உண்மையான ஓய்வு நிலை அன்று. சுருள்வில்லின் இழுப்பு முள்ளை இன்னும் கீழே கொண்டுபோகப் பார்க்கிறது, ஊசிதான் தடுக்கிறது. முள்ளின் நுனியை மெதுவாகத் தூக்கி ஊசியைத் தாண்டவிட்டால் சற்றுக் கீழே இறங்கித் தானாக நிற்கும். அந்த இடத்தை, போர்டின் ஓரத்தில் ஒட்டிய மெல்லிய டேப்பில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டயலின் மேல் தடித்த காகிதத்தை வைத்து, இரு பக்கமும் சிறு கரண்டிகளைக் கொடுத்து ஒரே அளவில் நெம்பி எடுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஒரு பக்கமாக நெம்பினால் தண்டு வளைந்துவிடும். திரும்பப் பொருத்தும்போது அதே குறியில் முள்ளை அழுத்தி, பிறகு ஊசிக்கு மேலே தூக்கி வையுங்கள்.

பொருத்திய பிறகு ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தைவிட மீட்டர் சற்றுக் கூடுதலாகக் காட்டினால், அதைத் ‘திருத்த’ முயல வேண்டாம். ஐ.நா.வின் 39-ஆம் வாகன ஒழுங்குவிதியின்படி மீட்டர் உண்மை வேகத்துக்குக் குறைவாகக் காட்டவே கூடாது. கூடுதலாகக் காட்டுவதற்கு, உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் மணிக்கு 4 கி.மீ.யும் வரை இடமுண்டு.

பதில் 2

‘எல்லா பல்புகளையும் நீலமாக’ என்பதை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். ஆயில், பிரேக் எச்சரிக்கைகளின் முன்னால் சிவப்பு வடிகட்டி இருக்கிறது. நீல எல்.இ.டி.யின் ஒளியில் சிவப்பே கிடையாது என்பதால், அந்த வடிகட்டியைத் தாண்டி ஏறக்குறைய எதுவுமே வெளியே வராது. என்ஜினில் ஆயில் அழுத்தம் போய்விட்டாலும் உங்களுக்குத் தெரியாது. நீலம் ஹை பீமுக்கு உரிய நிறம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாவது, சார்ஜிங் எச்சரிக்கை பல்பு. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர்களில் பழையவை பலவற்றில், சாவியைத் திருப்பியதும் இந்த பல்பின் வழியாகத்தான் ரோட்டர் (உள்ளே சுழலும் பகுதி) சுருளுக்குத் தொடக்க மின்னோட்டம் போகிறது. எல்.இ.டி. மிகக் குறைந்த மின்னோட்டத்தையே விடுவதால், என்ஜினை நன்றாக முறுக்கும் வரை ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளாது; சில வண்டிகளில் சார்ஜே ஏறாது. அந்த இடத்தில் அதே வாட் அளவுள்ள இழை பல்பையே போடுங்கள்.

பின்னொளிக்கு எல்.இ.டி. தாராளமாகப் போடலாம். எரியவில்லையென்றால் கழற்றித் திருப்பிப் போடுங்கள், துருவம் மாறியிருக்கும். இழை பல்பு எல்லாத் திசையிலும் ஒளிவிடும்; முன்பக்கம் மட்டும் ஒளிரும் எல்.இ.டி. டயலில் ஒரே இடத்தில் பளீரென்றும் மற்ற இடத்தில் இருட்டாகவும் தெரியும். பக்கவாட்டிலும் ஒளிவிடும் வகையை வாங்கி, கூட்டின் உட்புறம் வெள்ளையாக இல்லையென்றால் வெள்ளை பெயின்ட் அடியுங்கள். சிலர் அலுமினியத் தாளை ஒட்டுவார்கள். பல்பு முனைகளுக்கருகே அது ஷார்ட் சர்க்யூட்டுக்கு வழிவகுக்கும்.

கேள்வி கேட்டவர்

விரிவான பதில்களுக்கு நன்றி. எச்சரிக்கை விளக்குகளைத் தொடப் போவதில்லை. பின்னொளிக்கு மட்டும் நீலம் வைத்துக்கொண்டு, டயலை வெள்ளையாக்கினால் ஏதேனும் இடைஞ்சல் உண்டா? முகப்பு பிளாஸ்டிக்கை எதைக் கொண்டு தேய்ப்பது?

பதில் 3

பகலில் வெள்ளை டயல் எடுப்பாகத்தான் இருக்கும். இரவில் பரப்பு முழுவதும் ஒளிர்ந்து கண்ணைக் கூசவைக்கும்; நீல ஒளியும் சேர்ந்தால் சாலை இருளுக்குக் கண் பழகுவது இன்னும் தாமதமாகும். எண்கள் மட்டும் ஒளிரும்படி கருமைப் பின்னணியையே வைத்துக்கொண்டு, இளமஞ்சள் கலந்த வெள்ளை எல்.இ.டி. போடுவது என் தேர்வாக இருக்கும். வெள்ளைதான் வேண்டுமென்று மனம் கேட்டால், பின்னொளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் முழுவதும் குறைந்த நிலையிலும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பழைய சுழல் டிம்மர்கள் எல்.இ.டி.யைச் சீராகக் குறைப்பதில்லை. பெரும்பாலும் பிரகாசமாகவே இருந்து, கடைசியில் சட்டென்று அணைந்துவிடும்.

பழைய டயலை ஸ்கேன் செய்யும்போது அளவு மாறாமல் 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) எடுங்கள். ஒளி ஊடுருவும் ஃபிலிமில் அச்சிட்டதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், கருமையில் ஊசித் துளைகள் போல ஒளி கசியும் இடங்கள் தெரியும். அப்படி இருந்தால் அச்சு இன்னும் அடர்த்தியாக வேண்டும் என்று பொருள். பழைய டயலின் மேலேயே புதியதை ஒட்டினால் தடிமன் கூடி முள் உரசும்.

முகப்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, 1000, 2000, 3000 என்று படிப்படியாக நுண்மை கூடும் வாட்டர் பேப்பரால், தண்ணீர் ஊற்றியபடியே, ஒவ்வொரு முறையும் திசை மாற்றித் தேய்த்து, கடைசியில் பிளாஸ்டிக் பாலிஷ் போடுங்கள். தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். அக்ரிலிக்காக இருந்தால் மயிரிழை வெடிப்புகள் விழுந்துவிடும், அவற்றை எந்தப் பாலிஷும் எடுக்காது.

திருகுகளை இறுக்கும் முன் இணைப்புகளை மாட்டி, சாவியை ஆன் நிலையில் வைத்து, ஆயில், சார்ஜிங் விளக்குகள் எரிகின்றனவா, என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.