வீரா 1.5 மேனுவல்: கிளட்ச் மிதித்தால் நிற்கும் ஒரு சத்தம், ஓடும்போது இன்னொரு சத்தம்

செம்மண்ரோடு

வணக்கம் அண்ணன்மாரே. புரோட்டோன் வீரா 1.5, 1996 மாடல், 5 கியர் மேனுவல். சுங்கை சிப்புட் டவுனுக்கும் தோட்டத்துக்கும் தினமும் ஓடுற காடி. பாதி தார் ரோடு, பாதி செம்மண். ரெண்டு சத்தம் கேட்குது.

ஒண்ணு, காலையில ஸ்டார்ட் பண்ணி நியூட்ரல்ல விட்டா அடியில கரகரன்னு அரைக்கிற மாதிரி. கிளட்ச் மிதிச்சா நின்னுடுது, காலை எடுத்தா திரும்ப வருது.

இன்னொண்ணு, 60க்கு மேல போனா ஊ...ன்னு ஒரு இரைச்சல். வேகம் ஏற ஏற அதுவும் ஏறுது. எந்தக் கியர்னாலும் ஒரே மாதிரிதான்.

வொர்க்‌ஷாப்ல காடியை ஓட்டிக்கூடப் பார்க்கல. "கியர்பாக்ஸ் முழுசா போச்சு, ஹாஃப்-கட் பாக்ஸ் (பாதியா வெட்டி வந்த பழைய காடியோட கியர்பாக்ஸ்) வாங்கி மாட்டிடலாம்"னு சொல்றாங்க. மாத்தித்தான் ஆகணுமா?

கியர்ஆயில்75

தம்பி, பாக்ஸுக்கு இப்போதைக்குக் காசு கொடுக்காதீங்க. ரெண்டு சத்தமும் ஒரே இடத்திலிருந்து வருதுன்னு யாரும் இன்னும் பார்க்கவே இல்லையே.

முதல் சத்தத்தை எடுத்துக்குவோம். நியூட்ரல்ல, கிளட்ச் மிதிக்காம இருக்கும்போது எஞ்சின் கியர்பாக்ஸோட இன்புட் ஷாஃப்ட்டைச் சுத்துது. அதைத் தாங்குற பேரிங்கும் சுத்துது. பெடலை மிதிச்சதும் இன்புட் ஷாஃப்ட் நின்னுடும், சத்தமும் நின்னுடும். அதனால சந்தேகம் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல. மிதிக்கும்போதுதான் சத்தம் வருதுன்னா அது கிளட்ச் ரிலீஸ் பேரிங். உங்களுக்கு அது இல்ல.

ஒண்ணு மட்டும் கவனிங்க. ஐடிலிங் ரொம்பக் கீழே இறங்கிக் கிடந்தா நல்ல பாக்ஸ்கூட நியூட்ரல்ல லேசா கடகடன்னு ஆடும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தொட்டதும் அது போயிடும். பேரிங் சத்தம் போகாது, எஞ்சின் சுத்து ஏறினா சத்தமும் ஏறும்.

ரெண்டாவது சத்தத்துக்கு ஆள் நடமாட்டம் இல்லாத நேரான தார் ரோடு வேணும். 70ல போகும்போது கிளட்ச் மிதிச்சு நியூட்ரல் போட்டு உருள விடுங்க. சாவியை மட்டும் அணைக்காதீங்க, ஸ்டியரிங் பூட்டிக்கும், பிரேக்கும் கல்லு மாதிரி ஆகிடும். இரைச்சல் அப்படியே இருந்தா எஞ்சினையும் இன்புட் ஷாஃப்ட்டையும் விட்டுடலாம். மிச்சம் வீல் பேரிங், டயர், டிஃப்ரென்ஷியல் (ரெண்டு சக்கரத்துக்கும் சுத்தைப் பிரிச்சுக் கொடுக்குற கியர்). அதே ரோட்டுல ஸ்டியரிங்கை மெதுவா இடம், வலம்னு ஆட்டுங்க. இடப்பக்கம் திருப்பினா காடியோட பாரம் வலப்பக்கச் சக்கரத்துல விழும். அப்போ சத்தம் கூடினா வலது பேரிங். டிஃப்ரென்ஷியல் சத்தம்னா ஆக்சிலேட்டர் அழுத்தும்போது ஒரு மாதிரி, விடும்போது வேற மாதிரி கேட்கும். பார்த்துட்டு எழுதுங்க.

பால்மரம்

பேரிங் வாங்குவதற்கு முன்னால் டயரைப் பாருங்கள். தோட்டத்து ரோட்டில் ஓடும் காடிக்கு அலைன்மென்ட் நிற்பதே இல்லை. டயரின் உள் விளிம்பில் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பம் மாதிரியும் இருந்தால் அந்த டயரே ஊளையிடும், கேட்பதற்கு அச்சு அசல் பேரிங் சத்தம்தான். அதே பக்கத்து முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றி ஓட்டுங்கள். சத்தம் பின்னால் போனால் டயர்தான்.

பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகரத்துக்கும் நடுவே சரளைக் கல் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது சர்ர் என்று உரசும், ஊ என்று வராது. ஆனாலும் பார்க்க இரண்டு நிமிடம்தான்.

செம்மண்ரோடு

செஞ்சு பார்த்தேன். நியூட்ரல்ல உருண்டாலும் ஊ சத்தம் அப்படியே இருக்கு. இடது திருப்பினா கூடுது, வலது திருப்பினா கிட்டத்தட்ட நின்னுடுது. ஆக்சிலேட்டர் விட்டாலும் மாறல. டயர் மாத்தியும் பார்த்தாச்சு, சத்தம் முன்னாலயேதான். அப்புறம் பாக்ஸ் பக்கம் குனிஞ்சு பார்த்தேன், இடது டிரைவ்ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுத்துற தண்டு) நுழையிற இடத்துல செம்மண் கறுப்பா அடை மாதிரி ஒட்டியிருக்கு. மத்த இடமெல்லாம் காஞ்ச தூசிதான்.

கியர்ஆயில்75

அந்த அடைதான் முக்கியம். காஞ்ச தூசி தட்டினா உதிரும். எண்ணெயில ஊறின மண்தான் கறுத்து அடை கட்டும். டிரைவ்ஷாஃப்ட் ஆயில் சீல் கசியுது, பாக்ஸ்ல ஆயில் குறைஞ்சிருக்கும், இன்புட் ஷாஃப்ட் பேரிங் காஞ்சு கத்துது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சிட்டு, ராத்திரி அடியில ஒரு அட்டையை விரிச்சு வைங்க. காலையில சொட்டு எங்கே விழுந்திருக்குன்னு தெரியும்.

அடுத்தது கியர் ஆயில். சமதளத்துல நிறுத்தி, ஆயில் ஊத்துற போல்ட்டை முதல்ல கழட்டுங்க, அதுக்கப்புறம்தான் வடிக்கிற போல்ட். வடிச்ச பிறகு மேல் போல்ட் இறுகி வரமாட்டேன்னா காடி ஆயில் இல்லாம அங்கேயே நிக்கும். மேல் போல்ட்டைத் திறந்ததும் விரலை விட்டுப் பாருங்க, ஓட்டையோட கீழ் விளிம்பு வரைக்கும் ஆயில் தட்டணும்.

வடிச்சதை வெள்ளைத் தட்டுல ஊத்தி வெயில்ல பாருங்க. ஒரு காந்தத்தை அதுல விட்டு எடுங்க, மை மாதிரி சாம்பல் பசை ஒட்டியிருந்தா அது சாதாரணத் தேய்மானம். தங்க நிறத்துல மினுமினுன்னா சிங்க்ரோ ரிங்கோட (கியர் மாறும்போது ரெண்டு வேகத்தையும் ஒண்ணாக்குற வளையம்) பித்தளை. நகத்துல உரசுற அளவுக்கு இரும்புச் செதில் வந்தா பேரிங்கோ பல்லோ உடையுது, அப்போ காடியை ஓட்டாதீங்க. பால் கலந்த காப்பி மாதிரி இருந்தா தண்ணி போயிருக்கு. வெள்ளத்துல இறக்கின காடிக்கு அப்படி ஆகும்.

புது ஆயில் கெட்டித்தன்மை 75டபிள்யூ-90, தரம் ஜிஎல்-4. ஜிஎல்-5ல இருக்கிற கந்தகச் சேர்க்கை பித்தளை சிங்க்ரோவை அரிக்கலாம், கடைக்காரர் "அதுதான் ஒசத்தி"ன்னாலும் வேணாம். 2 லிட்டருக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும், அதனால 3 லிட்டர் வாங்கி வைங்க. மேல் ஓட்டையில வழியும்போது நிறுத்துங்க. சீலை மாத்தாம ஆயில் மட்டும் ஊத்தினா சில மாசத்துல பழைய கதைதான்.

லோரிக்காரன்

140 ஆயில் ஊத்துங்க, சத்தம் அடங்கிடும். பழைய பாக்ஸுக்கு எல்லாரும் அதைத்தான் செய்றாங்க.

கியர்ஆயில்75

அடங்கும் அண்ணே, ஆனா பேரிங் தேய்றது அடங்காது. கெட்டி ஆயில்ல சிங்க்ரோ பிடிக்க நேரமாகும். காலையில ரெண்டாவது கியர் போடும்போது கிர்ருன்னு கடிக்கும். இருக்கிற நல்ல சிங்க்ரோவும் போயிடும்.

தம்பி, வடிச்ச ஆயில்ல செதில் இல்லன்னா, சீலையும் ஆயிலையும் மாத்திட்டு ஓட்டலாம். கரகர குறையலாம், முழுசா போகாது. கியர் தானா கழண்டு விழுந்தாலோ ஓடும்போதே அரைச்சாலோ பாக்ஸை இறக்குங்க. அப்போ இன்புட் ஷாஃப்ட் பேரிங், அதோட சீல், கிளட்ச் தட்டு, கவர், ரிலீஸ் பேரிங் எல்லாத்தையும் ஒரே தடவையில மாத்திடுங்க. சாமானை விட இறக்குற கூலிதான் வலிக்கும், ரெண்டு தடவை கொடுக்காதீங்க.

பால்மரம்

வலது முன் பேரிங்கை உறுதி செய்துகொள்ளுங்கள். சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கை விரல்களைச் சுருள் ஸ்பிரிங் மேல் வையுங்கள். பேரிங் போயிருந்தால் காதுக்குக் கேட்காத நறநறப்பு விரலுக்குத் தெரியும். பிறகு மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் (சக்கரத்தைக் கீழ்க் கையோடு இணைக்கும் உருண்டை மூட்டு).

மாற்றும்போது பேரிங்கை பிரஸ்ஸில்தான் ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் உள்ளே உருண்டைகள் ஓடும் தடத்தில் குழி விழுந்து, புது பேரிங்கே சீக்கிரம் கத்த ஆரம்பிக்கும். ஹப் சீல்களையும் புதிதாகப் போடுங்கள், செம்மண் தண்ணீர் அந்த வழியாகத்தான் நுழைகிறது. டிரைவ்ஷாஃப்ட் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டு, அதற்கப்புறம் தூக்குங்கள். நட் முழுதாக இறுகாமல் காடியை ஓர் அடிகூட உருட்டக் கூடாது, அந்த நட்தான் பேரிங்கை இறுக்கிப் பிடிக்கிறது. டார்க் ஸ்பேனரில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) 200 நியூட்டன் மீட்டருக்குக் குறையாமல் இறுக்கி, நட்டைப் பூட்டும் ஸ்பிளிட் பின்னின் ஓட்டை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், தளர்த்த வேண்டாம். பழைய ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போடாதீர்கள்.