மூன்று பெயர்களில் எது நான்?

கேள்வி (யாங்கோன்):
பள்ளிப் பதிவேட்டில் எனக்குப் பர்மியப் பெயர். வீட்டில் பாட்டி வைத்த தமிழ்ப் பெயர். சென்ற ஆண்டு ஞானஸ்நானம் பெற்றபோது தானியேல் என்று மூன்றாவது பெயர். படிவம் நிரப்ப உட்காரும்போதெல்லாம் பேனா ஒரு கணம் நின்றுவிடுகிறது. கிறிஸ்துவுக்குள் புதிய மனிதன் என்றால், பழைய இரண்டையும் உதறிவிட வேண்டுமா?

பதில்:
தம்பி, உங்கள் பெயருக்குரியவரான வேதாகமத் தானியேலையே பாருங்கள். பாபிலோனில் அவருக்குப் பெல்தெஷாத்சார் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரை அவர் எதிர்த்ததாக வேதத்தில் இல்லை, ஆனால் அரசனுடைய போஜனத்தால் தம்மைத் தீட்டுப்படுத்த மறுத்துவிட்டார்.

பதில்:
எருசலேமில் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது, தாம் ரோமக் குடிமகன் என்று சொல்லப் பவுல் தயங்கவில்லை. நமது குடியுரிமை பரலோகத்தில் இருக்கிறதென்று பிலிப்பியருக்கு எழுதியவரும் அவரே. ஆகவே படிவத்தில் உங்கள் அடையாள அட்டையிலுள்ள பெயரையே எழுதுங்கள். (எழுத்துப்பிழை இருந்தால் உடனே திருத்திவிடுங்கள், அந்த அலைச்சலை நான் பட்டிருக்கிறேன்.)

பதில்:
தனியே தமிழில் ஜெபிக்கிறேன். சபையிலோ, அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1834-இல் மொழிபெயர்த்து முடித்த பர்மிய வேதாகமத்தை வாசிக்கிறேன். இரண்டிலும் என்னை அழைப்பவர் ஒருவரே என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. பாட்டி உயிரோடிருந்தால், அவர் முன் அந்தத் தமிழ்ப் பெயருக்கே திரும்பிப் பாருங்கள், தம்பி.

கேள்வி கேட்டவர்:
இருக்கிறார், அக்கா. தானியேல் என்று சொல்ல அவருக்கு நாக்கு புரளவில்லை, 'தானி' என்கிறார்.