பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தும் அம்மா மெலிந்துகொண்டே போனார்

அப்பா பைபாஸ் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகு, அவர் தேறத் தேற அம்மா இளைக்கத் தொடங்கினார். இரவில் பலமுறை எழுந்து, அப்பாவின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்ப்பார். பகலில் ரசம் சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் உண்டதுமே வயிறு அடைத்துவிட்டது என்று தட்டை நகர்த்திவிடுவார். ரவிக்கைகளை மறுபடியும் பிடித்துத் தைக்கக் கொடுத்தபோது, சர்க்கரையாக இருக்குமோ என்று உறவினர்கள் கேட்டார்கள்.

சர்க்கரை, தைராய்டு, மார்பு எக்ஸ்ரே எல்லாம் பார்த்தோம், பார்க்க வேண்டியவையும்தான். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் படபடப்பு, கைநடுக்கம், எடைக்குறைவு மூன்றும் வரும் என்பதால், பதற்றம்தான் காரணம் என்று எடுத்தவுடனே முடிவுகட்டிவிடக் கூடாது. முயலாமலேயே 6 முதல் 12 மாதங்களுக்குள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மருத்துவரைப் பார்த்தே தீர வேண்டும். ஆனால் அறிக்கைகள் சரியாக இருந்ததும், “ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடுங்கள்” என்று அனுப்பிவிட்டார்களே, அதுதான் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. சாப்பிட முடியாததுதானே அம்மாவின் துன்பம்!

பிறகு பார்த்த மனநல மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பயம் தொடரும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி சுரக்கும் ஹார்மோன் பசியை அடக்குவதோடு, இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துவதால், கொஞ்சம் உண்டாலே வயிறு நிறைந்ததுபோல் இருக்குமாம். தூக்கமும் கெடுவதால் உடல் மேலும் தளரும். எல்லோருக்கும் எடை குறைவதில்லை. நீண்ட நாள் பதற்றத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து, இனிப்பையும் எண்ணெய்ப் பண்டங்களையும் மனம் தேட, இடுப்பைச் சுற்றிச் சதை போடுபவர்களும் உண்டு. என் சித்தி அப்படித்தான். அவரை நாங்கள் வாயைக் கட்டாதவர் என்றே பேசிவந்தோம், பாவம்.

அம்மாவுக்கு மாத்திரையும் ஆலோசனையும் தொடங்கின. முதல் சில நாட்கள் குமட்டல் இருக்கலாம், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று முன்கூட்டியே சொன்னதால் இடையில் நிறுத்தவில்லை. அப்பாவின் இரவுக் காவலை நானும் தம்பியும் முறைவைத்து எடுத்துக்கொண்டோம். பசி திரும்பியது; எடை அதைவிட மெதுவாகத்தான் ஏறுகிறது. உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்து, எங்கே போவதென்று தெரியாவிட்டால், மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற இலவச எண்ணில் அழைத்து எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.