பொருள்: டீகாம்பன்சேஷனுக்கு ‘ஈடுகுலைவு’ சரிவருமா?

வணக்கம்.

நோயுற்ற ஈரல் இனியும் வேலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகும் நிலையை ஆங்கிலத்தில் டீகாம்பன்சேஷன் என்பார்கள். அகராதிக்கும் மருந்துத்தாளுக்கும் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் ஐயா முன்வைத்த ‘கல்லீரல் சிதைவு’ என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. சிதைவு என்றதும் ஈரலே அழுகிப்போவதாகப் படுகிறது. சிரோசிஸ் வந்த ஈரல் தழும்பேறிக் கிடந்தாலும் பல ஆண்டுகள் வேலைக்கு ஈடுகொடுத்து ஓட்டும். ஒரு கட்டத்தில் முடியாமல் போகும்: வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், காமாலை, ரத்த வாந்தி, ஆள் நினைவு தடுமாறிப் பேசுவது. அந்தத் திருப்பத்துக்குத்தான் பெயர் வேண்டும். ‘செயலிழப்பு’ அதற்கும் பிந்திய நிலை.

இங்கே ரங்கூனில் பெரியவர்களுக்கு மருந்துத்தாளை வாசித்துச் சொல்வது வீட்டுப் பிள்ளைகள்தான். சிரோசிஸைப் பர்மியச் சொல்லால் ‘அத்தே சௌக்’, ஈரல் காய்ந்துவிட்டது, என்றால் உடனே புரியும். அடுத்த நிலைக்கு வந்ததும் பிள்ளை திணறும். மருந்தின் ஆபத்து இருப்பதோ அங்கேதான். ஹெபடைட்டிஸ் சி மாத்திரைகளையே பாருங்கள். கிளெகாப்ரெவிர்–பிப்ரென்டாஸ்விர், எல்பாஸ்விர்–கிராசோப்ரெவிர், வாக்சிலாப்ரெவிர் சேர்ந்த கூட்டு மாத்திரை ஆகிய மூன்றைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 ஆகஸ்டில் எச்சரித்தது. 63 பேருக்கு ஈரல் மோசமாகி, சிலர் இறந்தும் போனார்கள். அவர்களில் பலர் ஏற்கெனவே ஈரல் நன்றாகத் தளர்ந்தவர்கள், அதாவது இந்த மருந்தைக் கொடுத்திருக்கவே கூடாதவர்கள். வாக்சிலாப்ரெவிர் சேராத சோஃபோஸ்புவிர்–வெல்படாஸ்விர் அந்தப் பட்டியலில் இல்லை. பெயர்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது தாளில் உள்ள எச்சரிக்கையாவது தெளிவாக இருக்க வேண்டாமா?

அதனால் ‘ஈடுகுலைவு’ என்கிறேன். ‘வயசாச்சு, உடம்பு ஈடுகொடுக்க மாட்டேங்குது’ என்று நாம் தினமும் சொல்வதுதான். ‘ஈடுகொடுக்கும் சிரோசிஸ்’, ‘ஈடுகுலைந்த சிரோசிஸ்’ என்று இணையாக நிற்கும். இதயத்துக்கும் பொருந்தும். காம்பன்சேஷனுக்கு வழக்கமாகச் சொல்லும் ‘இழப்பீடு’ வழியாகப் போனால் வழக்குமன்றத்தில்தான் போய் நிற்போம்.

ஒரு மறுப்பு வரும், அது நியாயமானதும்கூட: செட்டியார்கள் நிலத்தின்பேரில் கடன் கொடுத்த ஊர் இது, ‘ஈடு’ என்றால் அடமானம் என்று எடுத்துக்கொள்பவர்கள் இருக்கலாம். ஆனால் ‘ஈரல்’ முன்னால் வந்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது.

தாளுக்கான வரி: ‘உங்கள் ஈரல் ஈடுகுலைந்த நிலையில் இருந்தால், அல்லது முன்பு ஒருமுறையாவது வயிற்றில் நீர் கோத்திருந்தால், இம்மருந்தைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்து எடுக்கும்போது கண் மஞ்சளித்தாலோ பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.’

‘குலைந்த’ என்பது நோயாளியைப் பயமுறுத்தும் என்று யாராவது கருதினால், தாளில் மட்டும் ‘ஈடுகொடுக்காத’ என்று போடலாம். அகராதிக்கு ஈடுகுலைவே இருக்கட்டும்.