தாமிரபரணிக் கடைமடையில் நஞ்சை குறைந்ததா? செயற்கைக்கோள் படத்தை நம்பலாமா?

பிக்சல்காரன்:
ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே புன்னைக்காயல் வரை, 1990, 2022 லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு வரைபடம் போட்டேன். நஞ்சை சுருங்கியிருக்கிறது, சீமைக்கருவேலமும் உப்பளமும் பரவியிருக்கின்றன. மறுப்பவர் மறுக்கலாம்.

கடைமடை:
மறுக்கிறேன் தம்பி. எந்த மாசத்துப் படம்?

பிக்சல்காரன்:
1990 பிப்ரவரி, 2022 செப்டம்பர். மேகமில்லாமல் கிடைத்ததைத்தானே எடுக்க முடியும், அண்ணாச்சி?

கடைமடை:
அப்போ கதை முடிஞ்சுது. பிப்ரவரியில் பிசான நெல், அதாவது மழைக்காலப் போகம், கதிர் முற்றி நிற்கும். செப்டம்பர், ஜூனில் தொடங்கும் கார் போகம் முடிகிற காலம். பாபநாசம் அணையில் தண்ணீர் குறைந்த வருஷம் எங்களுக்குக் கார் சாகுபடியே கிடையாது. கல்யாணத்தன்று எடுத்த போட்டோவையும் காய்ச்சலில் கிடந்தபோது எடுத்ததையும் பக்கத்தில் வைத்து, ஆள் மெலிந்துவிட்டான் என்பதா? அப்புறம், வாழையை எதில் சேர்த்தீர்கள்?

பிக்சல்காரன்:
தோட்டப்பயிரில்.

கடைமடை:
ஏரல் பக்கம் வாழை நிற்பதே நஞ்சையில்தான்! பயிர் மாறினால் நிலம் மாறிவிடுமா? இன்னொன்று: உங்கள் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டர், அதாவது 22 சென்ட். என் வயல் 18 சென்ட், வரப்பு நெடுக தென்னை. அந்தக் கட்டத்துக்கு நெல் என்று பெயரா, தென்னை என்றா?

பிக்சல்காரன்:
2015-க்குப் பிறகு சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் கட்டம் இரண்டரை சென்ட்தான். மேகம் இருந்தால், அதை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் இருக்கிறது. 1990-க்கு அதெல்லாம் ஏது? ஆனால் கருவேலத்தை விட மாட்டேன். மே மாதம் தண்ணீர் வற்றிய குளத்துக்குள் பச்சை. அகச்சிவப்பில் பளிச்சென்று தெரிகிறது. அது நெல்லா?

உப்புக்காற்று:
உப்பளத்தையும் பாருங்கள். மழைக்காலத்தில் பாத்தி முழுக்கத் தண்ணீர். படத்தில் குளம் மாதிரி இருக்கும். கோடையில் வெள்ளை வெளேர், மணல்திட்டு மாதிரி. ஒரே படத்தை வைத்து உப்பளம் ‘பரவியது’ என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வராது. அதுவும் போக, நீங்கள் சண்டை போடுவது 32 வருஷத்துக்கு. பாண்டியர் துறைமுகமாக இருந்த கொற்கையிலிருந்து இன்று கடலுக்குப் போகப் பஸ் ஏற வேண்டும். ஆற்று வண்டல் செய்த அந்த வேலை எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் கிடையாது.

பிக்சல்காரன்:
சரி. பிப்ரவரிக்குப் பிப்ரவரி வைத்து மறுபடி போடுகிறேன், வாழையை நஞ்சையில் சேர்த்து. உப்பளத்துக்கு இரண்டு பருவப் படமும் எடுக்கிறேன். கருவேலம் அப்படியே இருக்கும்.

கடைமடை:
இருக்கட்டும். குளத்துக்குள் அது நிற்பதை நான் எப்போது மறுத்தேன்? போடும்போது எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதும் கிராம அடங்கலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் பொய் உண்டு, அது வேறு பொய்.